மூங்கிலா, பிளாஸ்டிக்கா? சமையலறை ஆர்கனைசர் வாங்கும் முன் ஈரத்தைப் பாருங்கள்

பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலை ஒன்றில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவள் நான். டப்பா, மூடி, தட்டு, கூடை என்று அச்சிலிருந்து சூடாக வந்து விழுவதை எடுத்து அளப்பது, வளைத்துப் பார்ப்பது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, சரியில்லாததை ஒதுக்குவது, இதுதான் வேலை. அதனால் புதிதாகச் சமையலறை அமைக்கும் உறவினர்களும் தோழிகளும் என்னிடம் தவறாமல் கேட்பார்கள்: "டிராயருக்குள் போடும் ஆர்கனைசர் மூங்கிலில் வாங்கட்டுமா, பிளாஸ்டிக்கில் வாங்கட்டுமா?"

கரண்டி, ஸ்பூன்களைப் பிரித்துப் போடும் தடுப்புத் தட்டைத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அதை எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள்? அங்கே தண்ணீர் வருமா? வந்தால் காயுமா, தேங்குமா? அழகு, உறுதி, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் அப்புறம் பேசலாம். ஈரம் தேங்கும் இடத்தில் வைத்த மூங்கில் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும் கறுத்துப்போகும். காய்ந்த டிராயருக்குள் வைத்த மூங்கிலோ வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். பிளாஸ்டிக்குக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை. அதன் எதிரிகள் சூடு, எண்ணெய், வெயில், வளைவு. கேள்வியை இப்படி மாற்றிக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் மூங்கிலைப் பற்றிச் சொல்கிறேன். கடையில் "மூங்கில் தட்டு" என்று விற்பது ஒரு மூங்கிலைக் குடைந்து செய்ததில்லை. மூங்கில் ஒரு புல். உலகில் 1,400-க்கும் மேற்பட்ட மூங்கில் வகைகள் உண்டு. சமையலறைப் பொருள்களுக்குப் பெரும்பாலும் எடுப்பது சீனாவில் விளையும் மோசோ என்ற பெரிய வகையை. அது முளைவிட்ட சில வாரங்களிலேயே முழு உயரத்தை எட்டிவிடும். ஆனால் கழி கெட்டிப்பட 4, 5 வருடம் ஆகும். மரம் வருடா வருடம் பருப்பதுபோல மூங்கில் பருக்காது. முளைக்கும்போது என்ன பருமனோ அதுதான் கடைசிவரை. உள்ளே வெற்றிடம். அப்படிப்பட்ட ஒன்றிலிருந்து தட்டையான பலகை எப்படிக் கிடைக்கும்?

கழியை நீளவாக்கில் பிளந்து பட்டைகளாக்குவார்கள். வெளிப்புறப் பச்சைத் தோலையும் உட்புறச் சவ்வையும் சீவி எடுப்பார்கள். பட்டைகளை வேகவைத்து, உலர்த்தி, பசை தடவி, பக்கத்தில் பக்கமாக அடுக்கி அழுத்திப் பலகையாக்குவார்கள். தேன் நிறமோ காப்பி நிறமோ வேண்டுமென்றால் உலர்த்துவதற்கு முன் அழுத்த நீராவியில் வைப்பார்கள். மூங்கிலில் உள்ள சர்க்கரைப் பொருள்கள் அந்தச் சூட்டில் கருகுவதால் வரும் நிறம் அது, சாயம் இல்லை. அப்படிச் செய்த மூங்கில் இயற்கை நிறத்ததைவிடக் கொஞ்சம் மென்மையாகிவிடும். கரண்டி போடும் தட்டுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. நிறைய வெட்டும் பலகைக்கு நான் வெளிர் நிறத்தைத்தான் எடுப்பேன்.

ஆக, நம் கையில் இருப்பது மூங்கில் மட்டுமல்ல. மூங்கில், பசை, மேல்பூச்சு மூன்றும் சேர்ந்தது. மூன்றில் எது முதலில் தோற்கிறதோ அதுவே அந்தத் தட்டின் ஆயுள். என் அனுபவத்தில் பெரும்பாலும் முதலில் தோற்பது மேல்பூச்சு.

ஏன் என்று பார்க்க, தட்டின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். பட்டைகள் வெட்டுப்பட்ட முனைகளில் சின்னச் சின்னப் புள்ளிகள் நெருக்கமாகத் தெரியும். மூங்கில் உயிரோடு இருந்தபோது தண்ணீர் மேலேறிய குழாய்களின் வாய்கள் அவை. ஸ்ட்ராக்களைக் கட்டாகக் கட்டி வெட்டியதுபோல இருக்கும். பக்கவாட்டில் சிந்திய தண்ணீரை மூங்கில் மெதுவாகத்தான் வாங்கும். இந்த முனைகள் வழியாகவோ கடகடவென்று உறிஞ்சிவிடும். அதனால்தான் தட்டின் நடுப்பகுதி பளிச்சென்று இருக்கும்போதே மூலைகளும் இணைப்புகளும் கறுக்க ஆரம்பிக்கின்றன.

அடுத்தது மாவுச்சத்து. மூங்கிலில் சர்க்கரையும் மாவுச்சத்தும் கணிசமாக இருக்கின்றன. தேக்கு மாதிரியான மரங்களின் வைரப்பகுதியில் பூஞ்சையையும் பூச்சியையும் விரட்டும் பொருள்கள் இருக்கும். மூங்கிலில் அவை அவ்வளவாகக் கிடையாது. அதனால் ஈரமும் கிடைத்தால் பூஞ்சைக்கு அது விருந்து. சரியாக வேகவைக்காத, உலர்த்தாத மூங்கிலில் சின்ன வண்டுகள் துளைபோடும். தட்டுக்கு அடியில் மாவு மாதிரி மெல்லிய தூள் கொட்டிக்கிடந்தால் உளுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தட்டை உடனே மற்ற மரச் சாமான்களிடமிருந்து பிரித்துவிடுங்கள். "மூங்கில் இயல்பிலேயே கிருமிநாசினி" என்று பொட்டிமேல் அச்சடித்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கிருமிநாசினியாக இருந்தால் அதில் பூஞ்சை ஏன் படர்கிறது? அதை நம்பி ஒருவர் ஈரக் கரண்டிகளைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார் என்பதுதான் என் கவலை.

பசையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "இயற்கை" என்று நினைத்து வாங்குபவர்கள் இதை யோசிப்பதில்லை. பலகைகளை ஒட்டும் பசைகளில் பரவலானது யூரியா-ஃபார்மால்டிஹைடு. ஃபார்மால்டிஹைடை 2004-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மூங்கில் தட்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஒட்டுப்பலகை அலமாரியிலும் இதே வகைப் பசைதான் இருக்கிறது. அதன் முன்னால் ஒரு சின்னத் தட்டில் உள்ள பசை மிகக் குறைவு. அதிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடின் அளவும் நாளாக நாளாகக் குறையும். சூடும் ஈரமும் கூடினால் அதிகமாகும். வாங்கும்போது மூக்கைப் பயன்படுத்துங்கள். பெட்டியைத் திறந்ததும் கண்ணை உறுத்தும் காரநெடி வந்தால் திருப்பிக் கொடுங்கள். ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளிவருவதைக் காட்டும் ஈ1, ஈ0 (E1, E0) என்ற உமிழ்வுத் தரக்குறியோ, கலிஃபோர்னியாவின் உமிழ்வு விதியான கார்ப் (CARB) இரண்டாம் கட்டம் என்ற குறிப்போ இருந்தால் நல்லது. புதிய தட்டைக் காற்றோட்டமான இடத்தில் சில நாள் வைத்துவிட்டு அப்புறம் டிராயருக்குள் போடுங்கள். மூடிய டிராயரில் நெடி போக வழியில்லை.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. "மூங்கில் நார்" என்ற பெயரில் வழவழப்பான, பூப்போட்ட கிண்ணங்களும் டப்பாக்களும் வருகின்றன. தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், ஏனென்றால் அது பிளாஸ்டிக்தான். மெலமைன் பிசினில் மூங்கில் பொடியைக் கலந்து வார்த்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இவற்றைச் சோதித்து, சூடான பானங்களும் உணவும் ஊற்றினால் மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் கசியும் என்று 2020-இல் எச்சரித்தது. உணவு தொடும் பிளாஸ்டிக்கில் மூங்கில் பொடியைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. 2021-இல் இந்தப் பொருள்களைச் சந்தையிலிருந்து அகற்ற அங்கே தனி நடவடிக்கையே எடுத்தார்கள். பட்டைகளை ஒட்டிச் செய்த தட்டும் இதுவும் ஒன்றில்லை. ஒட்டிய தட்டில் நரம்போடிய கோடுகளும் ஆங்காங்கே கணுக்களும் தெரியும். ஒரே சீரான நிறத்தில் தூவல் தூவலாக இருந்தால் அது பொடி கலந்த பிசின்.

சரி, இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

பிளாஸ்டிக் என்று ஒரே பொருள் கிடையாது. தட்டின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த குறியீடு அது. 5 என்றால் பாலிப்ரோப்பிலீன். பால் நிறத்தில் மங்கலாகவோ, வண்ணம் சேர்த்தோ இருக்கும், வளைத்தால் வளையும், விரல் நகத்தால் தட்டினால் மந்தமான சத்தம் வரும். 6 என்றால் பாலிஸ்டைரீன். கண்ணாடிபோலத் தெளிவு, தட்டினால் கணீரென்ற ஓசை, விழுந்தால் சில்லு. 1 என்றால் பெட் (PET), தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக். அதுவும் தெளிவுதான், ஆனால் அவ்வளவு எளிதில் உடையாது. 7 என்பது மற்றதெல்லாம் சேர்ந்தது. அக்ரிலிக்கும் அதில்தான் வரும்.

எண் தேய்ந்துபோயிருந்தால் ஒரு வாளித் தண்ணீர் போதும். தட்டை முழுக்க நனைத்து, காற்றுக்குமிழி ஒட்டாமல் உள்ளே அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். இரண்டும் தண்ணீரைவிட லேசானவை. மூழ்கினால் பாலிஸ்டைரீனோ பெட்டோ அக்ரிலிக்கோ. தொழிற்சாலையில் மூலப்பொருள் மூட்டை மாறிவிட்டதா என்ற சந்தேகம் வரும்போது நாங்கள் முதலில் செய்த சோதனையும் இதுதான்.

இதெல்லாம் எதற்கு என்றால், ஒவ்வொன்றின் பலவீனமும் வேறு. பெட் சுமார் 70 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும்; கொதிக்கும் தண்ணீரில் கழுவினால் நெளிந்துவிடும். பாலிஸ்டைரீன் அதைவிடக் கொஞ்சம் தாங்கும், ஆனால் எண்ணெய்ப் பசை பட்டுக்கொண்டே இருந்தால் மூலைகளில் மெல்லிய கீறல் விரிசல்கள் விடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் எண்ணெய் அதைக் கரைக்கவே செய்யும். அக்ரிலிக்கைச் சாராயம் கலந்த கிளீனரால் துடைத்தால் சிலந்திவலை மாதிரி விரிசல் கோடுகள் படரும். சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். பாலிப்ரோப்பிலீன் 160 டிகிரிக்கு மேல்தான் உருகும், எண்ணெய்க்கும் சோப்புக்கும் அசையாது, கீல் மாதிரி ஆயிரம் முறை மடக்கினாலும் தாங்கும். ஆனால் கறை பிடிக்கும். மஞ்சளும் தக்காளியும் எண்ணெயில் கரையும் நிறங்கள் என்பதால், எண்ணெயோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிடுகின்றன. மஞ்சள் கறை வெயிலில் வைத்தால் வெளுக்கும். அதற்காக நாள்கணக்கில் வெயிலில் விட்டுவிடாதீர்கள், வெயில் பாலிப்ரோப்பிலீனை மொறமொறப்பாக்கி உடைத்துவிடும்.

எனக்குச் சமையலறைக்கு எந்தப் பிளாஸ்டிக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 5-தான். கடைகளில் ஆளைக் கவர்வது தெளிவான பாலிஸ்டைரீன் தட்டுகள். ஒரு வருடம் போனபின் பாருங்கள், உள்ளே ஸ்பூன்கள் உரசிய கீறலில் அந்தத் தெளிவு காணாமல் போயிருக்கும்.

பாலிப்ரோப்பிலீனில் கவனிக்க வேண்டியது நெளிவு. அச்சில் ஆறும்போது அது 1 முதல் 2 சதவீதத்துக்கு மேல்கூடச் சுருங்கும். பாலிஸ்டைரீன் அதில் பாதியும் சுருங்காது. அகலமான தட்டு ஒரே சீராக ஆறாவிட்டால் நடு எழும்பியோ மூலை தூக்கியோ நிற்கும். எங்கள் மேசையில் ஒரு கருங்கல் பலகை இருந்தது. தட்டை அதன்மேல் வைத்து நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துவோம். டக் டக்கென்று ஆடினால் ஒதுக்கிவிடுவோம். கடையின் தரையிலோ கண்ணாடி மேசையிலோ நீங்களும் இதைச் செய்யலாம். ஆடும் தட்டு டிராயருக்குள் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கடகடக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். வார்த்த பிளாஸ்டிக் தட்டின் சுவர்கள் நேர்க்குத்தாக இருக்காது. அச்சிலிருந்து சிக்காமல் வெளியே வர, வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் சரிவு கொடுத்திருப்பார்கள். ஒரு பெட்டிக்கு அது தெரியாது. ஐந்தாறு பெட்டிகளை வரிசையாக வைத்தால், அடியில் இடைவெளி விழுந்து இடம் வீணாகும், அந்தச் சந்துகளில் குப்பையும் சேரும். மூங்கில் தட்டில் சுவர் நேராக நிற்கும், ஆனால் தடிமன் அதிகம். நான் அளந்தவற்றில் பிளாஸ்டிக் சுவர் 2 மில்லிமீட்டர் என்றால் மூங்கில் 6 முதல் 10 வரை வந்தது. குறுகிய டிராயரில் நான்கைந்து தடுப்பு போட்டால் மூன்று, நான்கு சென்டிமீட்டர் மரத்துக்கே போய்விடும். அதனால் ஆழமான, அகலமான டிராயருக்கு மூங்கில், ஒடுக்கமான டிராயருக்கு பிளாஸ்டிக் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஈரத்துக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது இதைத்தான்.

எங்கள் வீட்டுக் கரண்டி டிராயரில் இருப்பது மூங்கில். பிளாஸ்டிக்கை வார்த்துப் பார்த்தவள் ஏன் மூங்கில் வைத்திருக்கிறாய் என்று அக்கா கேட்பாள். காரணம் அம்மா. அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. முன்பு அந்த டிராயரில் தெளிவான பிளாஸ்டிக் தட்டு இருந்தது. வெள்ளை டிராயர், கண்ணாடிபோன்ற தடுப்பு, பளபளக்கும் எவர்சில்வர் ஸ்பூன், எல்லாம் அம்மாவின் கண்ணுக்கு ஒரே ஒளியாகத் தெரிந்தன. தடுப்பு எங்கே முடிகிறது என்று தடவித் தடவித்தான் எடுப்பார். மூங்கில் தட்டு வந்த பிறகு, பழுப்பு நிறத்தின்மேல் ஸ்பூன் தனியாக எடுப்பாகத் தெரிகிறது. தடுப்புகளின் தடித்த விளிம்பும் விரலுக்கு நன்றாகப் பிடிபடுகிறது. மேலே சொன்ன அந்தத் தடிமன் இங்கே உதவிக்கு வந்துவிட்டது. சத்தமும் குறைவு, ஸ்பூனைப் போட்டால் கணீரென்று கத்தாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஆர்கனைசர் வாங்குகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். தெளிவான பிளாஸ்டிக் உள்ளே இருப்பதைக் காட்டும், ஆனால் தன்னைக் காட்டாது. கண் நன்றாகத் தெரிபவர்களுக்கு அது வசதி, அம்மா மாதிரியானவர்களுக்கு அது இல்லை.

அந்தத் தட்டு கறுக்காமல் இருக்க வீட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு. கழுவிய ஸ்பூனை முழுக்கக் காய்ந்த பிறகுதான் உள்ளே போட வேண்டும். துணியால் துடைத்தும் லேசான ஈரம் இருக்கும், அதனால் வடிதட்டில் ராத்திரி முழுக்க விட்டுவிட்டு காலையில் எடுத்து வைப்பேன். இதைச் செய்ய நேரமில்லாத வீடு என்றால், கழுவின கையோடு டிராயருக்குள் போடுகிற பழக்கம் என்றால், கரண்டி டிராயருக்கும் பாலிப்ரோப்பிலீன் தட்டையே வாங்குங்கள். பழக்கத்தை மாற்றிக்கொள்வோம் என்று நம்பிப் பொருள் வாங்காதீர்கள்.

சிங்க்குக்கு அடியில் மூங்கில் கூடவே கூடாது. குழாய் கசியலாம், வேர்க்கலாம், காற்றோட்டம் கிடையாது. அங்கே கைப்பிடி வைத்த பாலிப்ரோப்பிலீன் கூடை வையுங்கள். கசிவு வந்தாலும் கூடையோடு வெளியே இழுத்துத் துடைத்துவிடலாம். அடியில் ஓட்டை இல்லாத கூடை என்றால் சோப்பு பாட்டில் ஒழுகினாலும் அலமாரிப் பலகை தப்பும். குளிர்சாதனப் பெட்டிக்கும் பிளாஸ்டிக்தான். உறைபெட்டிக்கு மட்டும் பாலிப்ரோப்பிலீன் வேண்டாம், கடுங்குளிரில் அது விறைத்து, கை தவறினால் உடையும். பாலிஎத்திலீன் அங்கே தாக்குப்பிடிக்கும். முக்கோணத்துக்குள் 2 அல்லது 4 என்று இருக்கும்.

அடுப்புக்குப் பக்கத்தில்தான் இரண்டுமே தடுமாறுகின்றன. பொரிக்கும்போது கிளம்பும் எண்ணெய்ப் புகை எதன்மேலும் படியும். படிந்த எண்ணெய் காற்றில் இறுகிப் பிசினாகும், தூசி அதில் ஒட்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கிலிருந்து வெந்நீரும் சோப்பும் போட்டு அதை எடுத்துவிடலாம். பூச்சு தேய்ந்த மூங்கிலில் அது நரம்புக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், எடுக்க முடியாது. அப்படியென்றால் பிளாஸ்டிக்கா? தீக்கு அருகில் அது நெளியும். அடுப்பைச் சுற்றி ஒரு முழம் தூரத்துக்கு எதுவும் வைக்காமல் விடுவதே நல்லது. கட்டாயம் வைக்கத்தான் வேண்டுமென்றால் எவர்சில்வர் தட்டு வையுங்கள்.

மேடைமேல் கரண்டிகளை நிறுத்தி வைக்கும் குவளை மூங்கிலில் வருகிறது. பார்க்க மிக அழகு. ஆனால் கரண்டியின் ஈரம் எல்லாம் காம்பு வழியாக இறங்கி அடியில் தேங்கும், அடியில் உள்ளதோ வெட்டுப்பட்ட முனைகள். இந்தக் குவளைகளில் அடி கறுக்காத ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. அடியில் ஓட்டை போட்டு, கால் வைத்துத் தூக்கியிருந்தால் மட்டும் யோசிக்கலாம். உலர்பொருள் டப்பாக்களை அடுக்கும் படி அலமாரி, தட்டுகளை நிறுத்தி வைக்கும் தடுப்பு, மூடிகளைப் பிரிக்கும் கம்பிகள், டிராயரைப் பிரிக்கும் ஸ்பிரிங் தடுப்பு, இவற்றுக்கெல்லாம் மூங்கில் நன்றாகவே பொருந்தும். எல்லாப் பக்கமும் காற்று படுகிறது, தண்ணீர் தேங்க இடமில்லை. கனமான டப்பாக்கள் ஏறினாலும் மூங்கில் பலகை தொய்யாது. பிளாஸ்டிக் படிகள் நாளடைவில் நடுவில் தொய்யும். எடை நிரந்தரமாக இருந்தால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கும் குணமுள்ளது. எடையை எடுத்தாலும் முழுக்கத் திரும்பாது.

கடையில் மூங்கில் தட்டைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது இவ்வளவுதான். அடிப்பலகை எது என்று திருப்பிப் பார்ப்பேன். பல தட்டுகளில் சுவர் மட்டும் மூங்கில், அடியில் மெல்லிய அட்டைப்பலகை இருக்கும், அது ஈரம் பட்டால் ஊதிவிடும். மூலைகளில் சுவர்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கிறதா, வெறுமனே ஒட்டி ஆணி அடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். உட்பக்க விளிம்புகளில் விரலை ஓட்டினால் சிராய் தட்டக் கூடாது. விரியும் வகை என்றால் முழுக்க இழுத்துத் தள்ளிப் பார்ப்பேன். கடையிலேயே இறுக்கமாக ஓடினால் மழைக்காலத்தில் அசையவே அசையாது, ஏனென்றால் மூங்கில் ஈரக்காற்றில் அகலவாக்கில் கொஞ்சம் உப்பும். அதோடு டிராயரின் அளவு. வெளி அளவை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உள் அகலம், உள் ஆழம், அப்புறம் மேலே இருக்கும் சட்டத்துக்கும் டிராயரின் அடிக்கும் நடுவே உள்ள உயரம் மூன்றையும் டேப் வைத்து எடுங்கள். உயரத்தை மறந்தால், தட்டு உள்ளே போனாலும் மாவு கரைக்கும் கரண்டி மேலே இடித்து டிராயர் திறக்காது.

பராமரிப்பில், மூங்கிலைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடக் கூடாது. பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, சாய்த்து நிறுத்தி, இருபக்கமும் காற்றுப்பட விடுங்கள். பூச்சு தேய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உருண்டு நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. பரவி, அந்த இடம் கறுத்தால் மூங்கில் குடிக்கிறது. அப்போது நைசான உப்புத்தாளால் நரம்போடும் திசையிலேயே தேய்த்து, தூளைத் துடைத்து, உணவுக்கு உகந்த மினரல் ஆயிலை மெல்லிசாகத் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வெட்டுப்பட்ட முனைகளுக்கு இரண்டு, மூன்று முறை கொடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். அது சிக்கு வாடை அடிக்கும், பிசுபிசுக்கும். பூச்சு இன்னும் கெட்டியாக இருக்கும் தட்டில் எண்ணெய் தடவுவதும் வீண். உள்ளே இறங்காது, மேலே நின்று தூசி பிடிக்கும்.

மேலோட்டமான பூஞ்சை என்றால் வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உப்புத்தாள் போட்டால் போய்விடும். இணைப்புக்குள் போய்விட்ட கறுப்பு போகாது. இப்படித் தேய்த்துப் புதுப்பிக்க முடிவது மூங்கிலின் பெரிய பலம். பிளாஸ்டிக் கீறினால் கீறினதுதான்.

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்ற கேள்விக்கு வருகிறேன். வெட்டினாலும் மூங்கில் வேரிலிருந்து மறுபடி முளைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பசையும் மேல்பூச்சும் ஏறிய தட்டு தோட்டத்தில் மட்கி உரமாகாது. பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆனது, 12 சதவீதம் எரிக்கப்பட்டது, மீதி குப்பைமேட்டிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது என்று 2017-இல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வு சொன்னது. உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். ஒரே வகைப் பிளாஸ்டிக், சுத்தமாக, தனியாக வந்தால் அதை மறுபடி உருக்கி வார்ப்பது கஷ்டமே இல்லை. ஆலைக்குள் ஒதுக்கிய துண்டுகளை நாங்கள் அரைத்து மறுபடி சேர்த்துக்கொள்வோம். ஒன்றோடொன்று கலந்துவிட்டால்தான் பிரச்சினை. பாலிப்ரோப்பிலீனில் பாலிஸ்டைரீன் கலந்தால் இரண்டும் சேராது, உரிந்து உரிந்து வரும். எனவே இரண்டு வகைப் பிளாஸ்டிக் ஒட்டிய தட்டையும், அடியில் ரப்பர் ஒட்டிய தட்டையும், எண்ணே போடாத தட்டையும் நான் வாங்குவதில்லை.

மூங்கிலுக்கு மாறலாம் என்று முடிவு செய்து, நன்றாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டுகளை ஒரே நாளில் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் மனது கேட்பதில்லை. அந்தத் தட்டைச் செய்யச் செலவான எண்ணெயும் மின்சாரமும் ஏற்கெனவே செலவாகிவிட்டது. கரண்டி டிராயரிலிருந்து எடுத்ததைச் சிங்க்குக்கு அடியில் வையுங்கள், ஆணி, பசை, பேட்டரி போடும் டிராயரில் வையுங்கள். அம்மாவுக்காக எடுத்த அந்தத் தெளிவான தட்டு இப்போது என் தையல் சாமான் டிராயரில் இருக்கிறது; நூல்கண்டுகளின் நிறம் பக்கவாட்டிலேயே தெரிவதால் அங்கே அது மிக வசதி. விரிசல் விட்டதை மட்டும் அடியில் எண்ணைப் பார்த்து, கழுவிக் காயவைத்து, அதே எண் உள்ளவற்றோடு சேர்த்துக் கட்டிப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கொடுங்கள். 6-ஐயும் 5-ஐயும் ஒரே பையில் போடாதீர்கள்.